குரல் என்றொரு கட்டம்

எங்கள் பள்ளியில் புதிதாகச் சேரும் ஆசிரியரை முதல் வருடத்தில் மூன்று தடவை வகுப்புக்குள் வந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். பார்ப்பவர் தலைமையாசிரியையான சிஸ்டர். கடைசி பெஞ்சில் பிள்ளைகளை நெருக்கிக்கொண்டு உட்காருவார். மடியில் ஒரு பரீட்சை அட்டை, அதில் ஒரு படிவம். குரல், கரும்பலகை, பாடக் குறிப்பு, வகுப்புக் கட்டுப்பாடு, கேள்வி கேட்கும் முறை என்று படிவத்தில் கட்டங்கள் கீழே இறங்கிக்கொண்டே போகும். மூன்று படிவங்களும் சேர்ந்த பிறகுதான் அந்த ஆசிரியரை நிரந்தரமாக்குவதா, வருடக் கடைசியில் அனுபவச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடுவதா என்று நிர்வாகம் முடிவு செய்யும்.

என்னுடைய முதல் படிவத்தில் மற்ற எல்லாக் கட்டங்களிலும் 'நன்று' இருந்தது. முதல் கட்டத்தில் மட்டும் சிஸ்டர் சிவப்பு மையில் 'குறைக்கவும்' என்று எழுதியிருந்தார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. நான் கணக்கில் கெட்டிக்காரி. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. என் அம்மாவும் அப்பாவும் பள்ளிக்கூடத்துக்குள் முதன்முதலாகக் கால் வைத்ததே என்னைச் சேர்ப்பதற்காகத்தான். அங்கிருந்து கல்லூரிக்கும், பி.எட்.டுக்கும், தகுதித் தேர்வுக்கும் நானே வழி கேட்டுப் போய் வந்தேன். எந்தப் படிவத்தையும் வேறு யாரும் எனக்கு நிரப்பிக் கொடுத்ததில்லை. அப்படிப்பட்டவளுக்கு ஒருவர் 'குறைக்கவும்' என்று எழுதிக் கொடுத்தால் அது குரலைப் பற்றி எழுதியதாகவே தோன்றவில்லை.

ஆனால் சிஸ்டர் எழுதியதில் பொய் இல்லை. சேர்ந்த முதல் வாரமே பக்கத்து வகுப்புத் தமிழ் டீச்சர் சாக்பீஸும் கையுமாக என் வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க டீச்சர், உள்ள யாராச்சும் அடிச்சுக்கிறாங்களா?"

"இல்லைங்களே. கணக்கு நடத்திட்டு இருக்கேனுங்க."

"அதுதானுங்க. எம்பட கிளாஸ் புள்ளைங்க செய்யுள விட்டுப்போட்டு உங்களோட சேந்து வாய்ப்பாடு சொல்லுதுங்க. நான் பாட்டுக்கு ஊட்டுக்குப் போயிரட்டுங்களா?"

ஓய்வறையில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பிள்ளைகள் எனக்கு 'ஸ்பீக்கர் மிஸ்' என்று பேர் வைத்திருந்ததும் அன்றைக்குத்தான் தெரிந்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். சிரிப்பும் எனக்குக் கொஞ்சம் சத்தமாகத்தான் வரும்.

என் குரலுக்குக் காரணம் இருந்தது. அதை நான் அங்கே யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் வீடு கருமத்தம்பட்டியில் ஒரு தறிக்குடோனை ஒட்டினாற்போல இருக்கிறது. குடோன் முதலாளியுடையது. அதில் ஓடும் விசைத்தறிகளை அம்மாவும் அப்பாவும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்வார்கள். தறிச் சத்தத்துக்கும் எங்கள் அடுக்களைக்கும் நடுவில் ஒரு செங்கல் சுவர்தான். தண்ணீர் கேட்பதென்றாலும் கத்தித்தான் கேட்க வேண்டும். பிறந்ததிலிருந்து அப்படிப் பேசிப் பழகிய எனக்கு அது கத்துவதாகவே தெரியாது. அம்மாவுக்கு வேறு, தறி பார்த்துப் பார்த்து, காது பாதிதான் கேட்கும். அவளிடம் மெதுவாகப் பேசினால், "என்னடி, முணுமுணுக்கற? என்ன தப்பு பண்ணுன?" என்பாள்.

குடோனுக்குள்ளே நிலைமை வேறு. அங்கே கத்தினாலும் பயனில்லை. அதனால் தறி ஓட்டுகிறவர்கள் கையால் பேசுவார்கள். இரண்டு விரலைக் கத்தரி மாதிரி காட்டினால் நூல் அறுந்திருக்கிறது. கட்டை விரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்துத் திருகினால் முடிச்சுப் போடு. இரண்டு கைகளாலும் ஒரு பெரிய உருளையைத் தூக்கி வைப்பது போலக் காட்டினால் தறிக்குப் புதுப் பாவு, அதாவது நெடுக்கு நூல் சுற்றிய உருளை, ஏற்றியாகிவிட்டது, இனிச் சில வாரங்களுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. மேலுதட்டில் மீசையை முறுக்கினால் முதலாளி வருகிறார். எங்கள் முதலாளிக்கு மீசையே கிடையாது. ஆனாலும் சைகை அதுதான்.

கரண்ட் போனால்தான் வேடிக்கை. தறிகள் ஒரே நொடியில் நின்றுவிடும், யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் கத்திக்கொண்டிருந்த ஆளின் கடைசி வார்த்தை மட்டும் குடோன் நடுவில் தனியாக நிற்கும். ஒரு தடவை அப்படிக் கரண்ட் போனபோது அம்மா, "அந்த மூதேவிக்கு நல்ல நூலே கண்ணுல படாதா" என்று முடித்துக்கொண்டிருந்தாள். முதலாளி வாசலில் நின்றிருந்தார். அவர், "நூல் கடைக்காரனைத்தானே சொன்னீங்க அம்மணி?" என்று கேட்க, அம்மா, "ஆமாங்க, வேற யாரைங்க" என்றாள்.

வேலைக்கு விண்ணப்பித்தபோது 'பெற்றோர் தொழில்' என்ற இடத்தில் நான் 'டெக்ஸ்டைல்ஸ்' என்று எழுதினேன். அது பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காந்திபுரத்தில் இறங்கி இன்னொரு டவுன் பஸ் பிடித்துப் போகிற பள்ளி. அங்கே யாரும் என் ஊருக்கு வந்து பார்க்கப்போவதில்லை. ஓய்வறையில் அந்த ஒற்றை வார்த்தை தானாகவே வளர்ந்துவிட்டது. தமிழ் டீச்சர் ஒரு நாள், "உங்க மில்லுல பெட்ஷீட் போடறீங்களா கண்ணு? ஆடித் தள்ளுபடியெல்லாம் உண்டுங்களா?" என்று கேட்டார். "கேட்டுச் சொல்றேனுங்க" என்றேன். அந்த இரண்டு வார்த்தைகளை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

இரண்டாவது தடவை சிஸ்டர் வந்து உட்கார்ந்தது தீபாவளி முடிந்த வாரத்தில். நான் குறைத்துப் பேசுவதென்று முடிவு செய்துகொண்டு போனேன். முதல் இரண்டு வாக்கியங்கள் குறைவாகத்தான் வந்தன. மூன்றாவது வாக்கியத்தில் பின் பெஞ்சில் யாரோ பேனாவைத் தட்டிய சத்தம் கேட்டது. சத்தம் என்று ஒன்று கேட்டால் அதற்கு மேலே ஏறிப் பேசத்தான் எனக்குத் தெரியும். படிவத்தில் 'இன்னும் குறைக்கவும்' என்று வந்தது.

அதற்கு ஒரு பயிற்சிக்கும் அனுப்பினார்கள். நகரத்தில் ஒரு மண்டபத்தில் பல பள்ளிகளிலிருந்து வந்த புது ஆசிரியர்களை உட்காரவைத்து, வயிற்றில் கை வைத்து 'ஆ' சொல்லச் சொன்னார்கள். குரல் தொண்டையிலிருந்து வரக்கூடாது, வயிற்றிலிருந்து வரவேண்டும் என்றார் பயிற்சி கொடுத்தவர். மண்டபமே 'ஆ' என்றது. அவர் எல்லாரையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, "ஊதா சேலை டீச்சர், மைக் பக்கத்துல இருக்கீங்களா?" என்று கேட்டார். ஊதா சேலையில் நான்தான் இருந்தேன். மைக் மேடையில் இருந்தது.

ஜனவரியில் தொண்டை கரகரத்தது. புது ஆசிரியர்கள் எல்லாருக்கும் முதல் வருடம் இப்படித்தான் என்றார்கள். பனங்கற்கண்டும் மிளகும், அதிமதுரமும், உப்புத் தண்ணீரும் ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். எல்லாவற்றையும் செய்தேன். செய்துவிட்டு வகுப்புக்குப் போய்க் கத்தினேன். பிப்ரவரி தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமை, எட்டாம் வகுப்பில், ஒரு வாக்கியத்தின் நடுவில் குரல் நின்றுவிட்டது. வாய் அசைந்தது, காற்றுத்தான் வந்தது. பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். பிறகு முன் பெஞ்சுப் பெண் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

தொண்டை மருத்துவர் சிறு குழாய் ஒன்றை உள்ளே விட்டுப் பார்த்தார். திரையில் எனக்கும் காட்டினார். குரல் வரும் இரண்டு மடிப்புகளிலும் எதிரெதிராகக் கடுகு அளவில் இரண்டு தடிப்புகள்.

"டீச்சரா, சந்தையில ஏலம் விடறீங்களா?"

எழுதிக் காட்டினேன்: டீச்சர்.

"ரெண்டு வாரம் ஒரு சொல்லும் பேசக்கூடாது. கிசுகிசுன்னும் பேசக்கூடாது, அது இன்னும் மோசம். மீறிக் கத்துனீங்கன்னா இந்தக் குரல் திரும்பி வராது. அப்புறம் ஆபரேஷன், அதுக்கப்புறமும் உறுதி சொல்ல மாட்டேன்."

மூன்றாவது படிவத்துக்கு நாள் குறித்திருந்தது அந்த இரண்டாவது வாரத்தில்தான்.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. முதல் வருடத்தில் தொடர்ந்து நீண்ட விடுப்பு எடுத்தால் அந்த வருடம் முறிந்ததாகக் கணக்கு. அடுத்த ஜூனில் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அதுவும் இடம் இருந்தால். இடம் இருக்கப்போவதில்லை. என்னோடு அதே நாளில் இன்னொரு கணக்கு ஆசிரியை சேர்ந்திருந்தார். நல்லவர், குரல் குழைவாக இருக்கும், அவருடைய படிவங்களில் எல்லாக் கட்டமும் நன்று. ஒன்பதாம் வகுப்புக் கணக்குக்கு ஒருவர்தான் வேண்டும். எட்டு வரைக்கும் எடுக்கிற ஆசிரியருக்கும் ஒன்பது எடுக்கிறவருக்கும் வித்தியாசம் பெரியது. ஒன்பது கிடைத்தால் அடுத்தது பத்து, பொதுத்தேர்வு. பிறகு படித்துக்கொண்டே முதுகலையும் முடித்துவிட்டால் மேல்நிலை. என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இந்தப் படிகளை நான் எழுதியே வைத்திருந்தேன்.

விடுப்பு எடுக்காமல் பள்ளிக்குப் போனேன். சிஸ்டரின் அறையில் ஒரு நோட்டை நீட்டினேன். 'பேசாமல் வகுப்பு எடுக்கிறேன். அனுமதி வேண்டும்.'

சிஸ்டர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எங்கள் ஊர் 'ங்க' அவருக்கு வராது, அதனால் அவர் சாதாரணமாகப் பேசினாலும் கண்டிப்பாகப் பேசுவது போல இருக்கும்.

"கணக்கைப் பேசாம எப்படி நடத்துவீங்க?"

'கரும்பலகையும் சைகையும்.'

"என்ன சைகை? காது கேளாதவங்க பள்ளிக்கூடத்துல பயிற்சி எடுத்திருக்கீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அப்ப எனக்கு எந்த நம்பிக்கையில அனுமதி கொடுக்கச் சொல்றீங்க?"

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். குரல் இருந்திருந்தால் ஏதாவது சுற்றி வளைத்துச் சொல்லியிருப்பேன். எழுதும்போது சுற்றி வளைக்க முடியவில்லை. 'தறிக்குடோனில் யாரும் பேச மாட்டார்கள் சிஸ்டர். கையால்தான் பேசுவோம். என் அப்பா அம்மா விசைத்தறி ஓட்டுகிறவர்கள்.'

சிஸ்டர் அதைப் படித்துவிட்டு அலமாரியைத் திறந்து என் கோப்பை எடுத்தார். விண்ணப்பத்தைப் பிரித்தார். "டெக்ஸ்டைல்ஸ்னு இருக்கு." நான் தரையைப் பார்த்தேன். அவர் கோப்பை மூடினார்.

"மூணு நாள் பார்ப்பேன். வகுப்பு சந்தைக்கடை ஆச்சுன்னா நீங்களே விடுப்பு எழுதிக் கொடுத்திடணும்."

முதல் நாள் சந்தைக்கடைதான் ஆனது. ஸ்பீக்கர் மிஸ்ஸுக்கு ஒயர் பிடுங்கிப் போச்சு என்று ஒருவன் சொல்ல, வகுப்பே சிரித்து உருண்டது. நான் பலகையில் என் சைகைகளைப் படமாக வரைந்து ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அர்த்தம் எழுதினேன். இரண்டு விரல் கத்தரி: இங்கே அறுந்திருக்கிறது. விரலைத் திருகுவது: முடிச்சுப் போடு. உள்ளங்கையை மல்லாத்திக் காட்டுவது: அடுத்து என்ன. அவர்கள் சிரித்துக்கொண்டே செய்து பார்த்தார்கள். சும்மா இருக்கட்டும் என்று மீசை முறுக்குவதையும் சொல்லிக்கொடுத்தேன், தலைமையாசிரியை வருகிறார் என்ற அர்த்தத்தில். அது ஒரு கர்வத்தில் செய்தது. பின்னால் அனுபவித்தேன்.

தறியில் ஒரு நூல் அறுந்தால் துணியை முதலிலிருந்து நெய்ய மாட்டார்கள். எந்த இடத்தில் அறுந்ததோ அதைத் தேடிப் பிடித்து அங்கேயே முடிச்சுப் போட்டுவிட்டு மேலே ஓட்டுவார்கள். கணக்கிலும் அதையே செய்யச் சொன்னேன். தப்பாக முடிந்த ஒரு கணக்கை வரிவரியாகப் பலகையில் எழுதுவேன். பிறகு குச்சியை மேலிருந்து ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டு வருவேன். அறுந்த வரி வந்ததும் யாருக்குத் தெரிகிறதோ அவர்கள் இரண்டு விரலைக் காட்ட வேண்டும்.

மூன்றாம் நாள் எழுதியது மூன்று பெருக்கல் அடைப்புக்குறிக்குள் எக்ஸ் கழித்தல் இரண்டு, சமம் பதினைந்து. அடுத்த வரியில் வேண்டுமென்றே மூன்றை எக்ஸோடு மட்டும் பெருக்கி, இரண்டை அப்படியே விட்டேன். குச்சி அந்த வரிக்கு வந்தபோது நாலைந்து கத்தரிகள் எழுந்தன. மற்றவர்கள் சும்மா இருந்தார்கள். குச்சியை அடுத்த வரிக்கு இறக்கினேன், அதற்கடுத்த வரிக்கும். சும்மாவே இருந்தார்கள். மூன்றாவது வரிசையில் ஒரு பெண், வருடம் முழுக்க என் கேள்விக்கெல்லாம் மற்றவர்களோடு சேர்ந்து பதில் பாடியவள், கடைசி வரி வரைக்கும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடைப்புக்குறியை நான் நடத்தியது ஜூலையில். அன்றைக்கு "புரிஞ்சுதா?" என்று கேட்டிருப்பேன். "புரிஞ்சுது மிஸ்" என்று சுவர் அதிரச் சொல்லியிருப்பார்கள். நான் போட்ட சத்தத்தையே எனக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பாடம் என்று நம்பி ஏழு மாதம் மேலே மேலே போயிருக்கிறேன். கெட்டிக்காரி என்று இத்தனை நாள் நெஞ்சை நிமிர்த்தியதற்குச் சேர்த்து அன்றைக்குக் குனிந்தேன். பலகையைத் துடைத்துவிட்டு ஜூலைக்குத் திரும்பப் போனேன். மூன்று நாள் கெடு முடிந்தும் சிஸ்டர் விடுப்பு எழுதச் சொல்லவில்லை.

பேச முடியாததால் வேறொன்றும் ஆனது. பேசும்போது நான் பலகையைப் பார்த்துக்கொண்டே பேசுகிறவள். கை பேசும்போது அப்படி முடியாது. எதிரில் இருப்பவர் என்னைப் பார்க்கிறாரா என்று நான் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எந்தப் பிள்ளை பார்வையை எந்த வரியில் தாழ்த்துகிறது என்று எனக்குத் தெரிய ஆரம்பித்தது. பாராட்டுக்காக இதைச் சொல்லவில்லை. ஜூனிலேயே தெரிந்திருக்க வேண்டியது.

பக்கத்து வகுப்புத் தமிழ் டீச்சர் வந்து எட்டிப் பார்த்தார். "என்னங்க, உசுரோட இருக்கீங்களான்னு பார்க்க வந்தேனுங்க. ஒரு சத்தத்தையும் காணோம்" என்றார். பலகையில் இருந்த கத்தரிப் படத்தைப் பார்த்து, "இது எந்த ஊர்க் கணக்குங்க?" என்று கேட்டார். நான் நோட்டில் எழுதிக் காட்டினேன், எங்கள் குடோன் கணக்கு என்று. மில் இல்லை, பெட்ஷீட்டும் இல்லை என்று கீழே இன்னொரு வரியும் சேர்த்தேன். அவர் படித்துவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். "அடப் போ கண்ணு, நான் நாலு பேருகிட்ட ஆர்டர் வாங்கி வெச்சிருந்தேன்" என்றார்.

வீட்டில்தான் கஷ்டம். குரல் போன அன்றே அம்மா பயந்துவிட்டாள். "பேசற வேலைக்குப் போயி பேச்சே போச்சே" என்று கோவில் கோவிலாக வேண்டிக்கொண்டாள். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே கைதான் ஓடியது. அதில் அவளுக்கு ஒரு சௌகரியம் இருந்ததைப் பார்த்தேன். "இத்தனை நாளு கத்துனயே, பாதி காதுல உழாது. இப்பத்தான் நீ பேசறது முச்சூடும் தெரியுது" என்று ஒரு தடவை சொல்லிச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் நான் பள்ளியில் என்ன செய்கிறேன் என்று பெருமையாக எழுதி, அப்பா என் பாடப் புத்தகங்களைப் பார்த்து ஓரளவு எழுத்துக் கூட்டப் பழகியிருந்ததால், அவரைப் படித்துக் காட்டச் சொன்னேன். அம்மாவின் முகம் மாறியது.

"குடோன் சைகையவா பள்ளிக்கூடத்துல காட்டுன?"

ஆமாம் என்றேன் தலையால்.

"அதுக்கா உன்னயப் படிக்க வெச்சோம்? உன்ற கை தறியில படக் கூடாதுன்னு நானு ஒரு நாளாச்சும் உன்னயத் தாருல நூல் சுத்த உட்டிருக்கேனா? அந்தக் கையை எடுத்துட்டுப் போயி அங்க ஆட்டிக் காட்டிட்டு வந்திருக்கறயே. தறிக்காரி மவ டீச்சரா வந்திருக்கறான்னு சொல்ல மாட்டாங்களா?"

நான் விண்ணப்பத்தில் 'டெக்ஸ்டைல்ஸ்' என்று எழுதியதை அவளிடம் சொன்னதே இல்லை. சொல்லியிருந்தால், சரியாகத்தான் எழுதியிருக்கிறாய் என்றுதான் சொல்லியிருப்பாள் என்று அப்போது புரிந்தது. அது இன்னும் வலித்தது. அதற்கு என்னிடம் சைகை இல்லை. அவள் குடோனுக்குள் போய்விட்டாள். இரண்டு நாள் என்னிடம் கையாலும் பேசவில்லை.

மூன்றாவது படிவத்துக்குரிய நாள் வந்தது. இரண்டாம் பாடவேளை. நான் பலகையில் தேதி எழுதிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் வகுப்பு திடீரென்று அடங்கிவிட்டது. திரும்பினால் ஐந்து வரிசைப் பிள்ளைகளும் ஒருவர் விடாமல் மேலுதட்டில் மீசை முறுக்கிக்கொண்டிருந்தார்கள். வாசலில் அட்டையோடு சிஸ்டர்.

சிஸ்டர் அத்தனை மீசைகளையும் ஒரு சுற்றுப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் கடைசி பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தார். வேறு வழியில்லை. குச்சியை எடுத்தேன்.

அந்த நாற்பது நிமிடமும் நன்றாகப் போனது என்று சொல்லமாட்டேன். நடுவில் ஒரு கணக்கில் நானே ஒரு கூட்டல் குறியைக் கழித்தலாக எழுதிவிட்டேன். வேண்டுமென்றே எழுதியது இல்லை, பயத்தில் எழுதியது. அடுத்த வரிக்குப் போகக் கையைத் தூக்கினேன். மூன்றாவது வரிசைப் பெண் இரண்டு விரலைக் கத்தரியாக உயர்த்தினாள். அவள் ஒருத்தி மட்டும். நான் பலகையைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். கீழே இறங்கிப் போய் சாக்பீஸை அவளிடம் கொடுத்தேன். அவள் வந்து குறியைத் திருத்திவிட்டு, ஞாபகமாக விரலைத் திருகி முடிச்சும் போட்டுவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

பாடவேளை முடிந்ததும் சிஸ்டர் என்னைத் தன் அறைக்கு வரச்சொன்னார்.

"அந்த மீசை யாரு?"

எழுதினேன். முதலாளி.

சிஸ்டரின் வாய் ஓரம் லேசாக அசைந்தது. உடனே சரியாகிவிட்டது. படிவத்தை என் பக்கம் திருப்பினார். மற்றக் கட்டங்கள் நிரம்பியிருந்தன. கரும்பலகைக்கு எதிரே 'ஒரு பிழை, மாணவி திருத்தினார்' என்று இருந்தது. குரல் கட்டம் காலியாக இருந்தது.

"இதுல நான் எதுவும் போட முடியாது. இல்லாததுக்கு மதிப்பெண் போடறது தப்பு. காலியா இருந்தா நிர்வாகம் கேட்கும். கேட்டா பார்த்ததைச் சொல்வேன். அதுக்கு மேல நான் எதுவும் சொல்றதா இல்லை."

அதற்கு மேல் நானும் எதுவும் எதிர்பார்க்கவில்லை.

இரண்டு வாரம் முடிந்து மருத்துவர் பேசச் சொன்னபோது நான் சொன்ன முதல் சொல் அவருக்கே கேட்கவில்லை. குரல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. பழைய குரல் வரவில்லை. இது வேறொருத்தியின் குரல் போலத் தாழ்வாக, துணி போர்த்தியது மாதிரி இருக்கிறது. ஒரு அறையின் கடைசி பெஞ்சு வரைக்கும் எட்டும், பக்கத்து அறைக்கு எட்டாது. தடிப்பு முழுதாகக் கரையவில்லை, இனி இதுதான் என்றார் மருத்துவர். பஸ்ஸில் வரும்போது, யாரும் பார்க்காதபடி ஜன்னல் பக்கம் திரும்பி, என் பழைய குரலுக்காகக் கொஞ்சம் அழுதேன். அதை வைத்துத்தான் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரலில் கடிதம் வந்தது. சிஸ்டர் அலுவலகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார். இரண்டே வரி. முதல் வரி, வரும் ஜூன் முதல் பணி நிரந்தரம். இரண்டாவது வரி, உயர்நிலை வகுப்புகள் குறித்து, குரல் நிலையைக் கவனித்து, பின்னர் முடிவு செய்யப்படும். ஒன்பதாம் வகுப்பு என்னோடு சேர்ந்தவருக்குப் போயிற்று. அவரிடம் போய் வாழ்த்துச் சொன்னேன். மனமாரச் சொன்னேனா என்று கேட்டால், பாதி மனம்தான்.

காந்திபுரத்தில் மாறி, கருமத்தம்பட்டியில் இறங்கி வீட்டுக்கு வந்தபோது பகல் ஷிப்ட் நடந்துகொண்டிருந்தது. அம்மா குடோனுக்குள் இருந்தாள். வாசலில் நின்று கூப்பிட்டேன். கூப்பிட்டது எனக்கே கேட்கவில்லை. தறிகள் ஓடின. உள்ளே நாலைந்து அடி போய் அவள் கண்ணில் படும்படி நின்றேன். அந்தக் கையை ஆட்டாதே என்று சொன்னவளிடம் அதே கையால்தான் சொல்ல வேண்டியிருந்தது. நிரந்தரம் என்பதற்குக் குடோனில் சைகை கிடையாது. அங்கே எதுவும் நிரந்தரம் இல்லை. யோசித்துவிட்டு, இரண்டு கைகளாலும் பெரிய உருளையைத் தூக்கித் தறியில் ஏற்றி வைத்தேன்.

அம்மா புருவத்தைச் சுருக்கினாள். பிறகு என் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தாள். கோபமாக இருக்கிறாளோ என்று நினைத்தேன். அவள் மெதுவாக உள்ளங்கையை மல்லாத்தி, விரல்களை விரித்துக் காட்டினாள். பாவு எவ்வளவு நீளம், எத்தனை நாளைக்கு வரும் என்று கேட்பது அப்படித்தான்.

நான் ஓய்வு பெறும் வயதைக் கணக்குப் போட்டேன். அவ்வளவு வருடங்களுக்கு விரல் போதாது. பையைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு, இரண்டு கைகளையும் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நீட்டினேன். கடிதத்தின் இரண்டாவது வரியை அன்றைக்கு அவளிடம் சொல்லவில்லை.

அவளுக்குப் பின்னால் ஒரு தறியில் நூல் அறுந்து தறி நின்றது. அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி, அறுந்த இடத்தைத் தேடிக் குனிந்தாள்.